பழைய வேனில் பேக்ஃபயர்: சத்தம் வரும் பக்கத்தை முதலில் கண்டுபிடியுங்கள்

பேக்ஃபயர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது இரண்டு வெவ்வேறு கோளாறு. ஒன்று, இன்ஜின் காற்றை இழுக்கும் பக்கமாகத் தும்முவது. ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் 'டப்' என்று கேட்கும், சில நேரம் மூடியே தூக்கிப் போடும். இன்னொன்று, சைலன்சரில் வெடிப்பது. தும்மலில், எரிகிற நெருப்பு இன்டேக் வால்வைத் தாண்டி மேனிஃபோல்டுக்குள் திரும்பி வந்து, அங்கே காத்திருக்கும் கலவையைக் கொளுத்துகிறது. சைலன்சர் வெடிப்பில், சிலிண்டருக்குள் எரியாமல் வெளியேறிய பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் காற்றோடு சேர்ந்து பற்றிக்கொள்கிறது. இந்த இரண்டையும் பிரிக்காமல் பிளக், காயில், சென்சார் என்று வரிசையாகப் புதுசு போட்டுப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

இங்கே சொல்வது பெட்ரோலில் ஓடும் பழைய குடும்ப வேன்களுக்கு. கார்புரேட்டர் வண்டிக்கும், ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரோடு வந்த ஆரம்பகால இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் பொருந்தும். டீசல் வண்டிக்குப் பொருந்தாது.

வேலையைத் தொடங்கும் முன்

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். எக்ஸாஸ்ட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய ஷெட்டுக்குள் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது கூட ஆபத்து. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பெட்ரோல் தீயை அணைக்கும் வகை தீயணைப்பானைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிய நிலையில் வேறொருவர் ஸ்டார்ட் செய்யும்போது கார்புரேட்டர் வாயை எட்டிப் பார்க்கவே கூடாது. தும்மினால் நெருப்பு நேராக முகத்துக்கு வரும்.

பல வேன்களில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கும்போது நெருப்புக்கும் பயணிகள் இடத்துக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. உள்ளே யாரும், முக்கியமாகக் குழந்தைகள், இருக்கக் கூடாது.

எங்கே, எப்போது வெடிக்கிறது

ஒருவர் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்கட்டும். மற்றவர் முதலில் இன்ஜின் அருகிலும் பிறகு சைலன்சர் பக்கவாட்டிலும் நின்று கேட்கட்டும். இடம் தெரிந்த பிறகு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சடாரென்று மிதிக்கும்போது தும்மினால் கலவையில் பெட்ரோல் குறைவு. கார்புரேட்டர் வண்டியில் மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்பையும், இன்ஜெக்‌ஷன் வண்டியில் காற்றுக் கசிவையும் பெட்ரோல் அழுத்தத்தையும் சந்தேகப்படுங்கள். இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சரில் பட்பட் என்று பொரிந்தால் எக்ஸாஸ்ட் கசிவு, அல்லது எக்ஸாஸ்ட்டுக்குள் காற்று செலுத்தும் அமைப்பின் கோளாறு. ஐடிலிங்கில் ஒரே தாளத்தில் விடாமல் தும்மினால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரின் இன்டேக் வால்வு சரியாக மூடவில்லை. மேட்டில் சுமையோடு ஏறும்போது மட்டும் வெடித்தால் ஸ்பார்க் பலவீனம் அல்லது பெட்ரோல் போதவில்லை. எப்போதாவது ஒரே ஒரு பெரிய வெடி, மற்ற நேரம் வண்டி அருமையாக ஓடுகிறது என்றால், ஸ்பார்க் ஒரு கணம் அறுந்து திரும்ப வருகிறது. அப்போது இக்னிஷன் சுவிட்ச், காயிலுக்குப் போகும் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். அந்தச் சின்ன ஒயர் அட்வான்ஸ் தகட்டோடு சேர்ந்து அசைந்து அசைந்து, மேலுறை நன்றாக இருக்க உள்ளே கம்பி மட்டும் அறுந்துவிடும். விரலால் மெல்ல இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும்.

இதைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. வெடிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்பு வண்டியில் என்ன வேலை நடந்தது? பிளக் மாற்றியதும் தொடங்கியிருந்தால் இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருக்கும். டைமிங் பெல்ட் மாற்றியதும் தொடங்கியிருந்தால் ஒரு பல் தள்ளி மாட்டியிருப்பார்கள். ஏர் ஃபில்டர் மாற்றியதும் என்றால் ஒரு ஹோஸைத் திரும்பச் செருக மறந்திருப்பார்கள். அந்த வேலை நடந்த இடத்திலிருந்தே தேடத் தொடங்குங்கள்.

ஸ்கேனர் மாட்டும் வசதி இருந்தால்

16 பின் சாக்கெட் உள்ள வண்டி என்றால் முதலில் கணினி பதிந்து வைத்த கோளாறுக் குறியீட்டைப் படியுங்கள். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001 முதலும் இது கட்டாயம். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ்ஸிங். பி0301, பி0302 என்று வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0171 கலவையில் பெட்ரோல் குறைவு, பி0172 பெட்ரோல் அதிகம். பி0335 கிராங்க் சென்சார் வழி, பி0340 கேம் சென்சார் வழி. குறியீடு எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை, எந்தத் திசையில் தேட வேண்டும் என்றுதான் காட்டும்.

கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூவல் டிரிம் எண்ணையும் பாருங்கள். பிளஸ் அல்லது மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலிங்கில் பிளஸ் 20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு வந்தால் வேக்யூம் கசிவு. ஐடிலிங்கில் சரியாக இருந்து வேகத்தில் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள்.

இக்னிஷன்

பழைய வண்டியில் பேக்ஃபயருக்கு இதுதான் முதல் சந்தேகம், செலவும் குறைவு. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள்.

முதலில் ஒயர்களின் வரிசை. பெரும்பாலான நான்கு சிலிண்டர் இன்ஜின்களின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. மேனுவலில் உங்கள் வண்டிக்கு என்ன போட்டிருக்கிறது என்று உறுதி செய்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் சுழலும் திசையில், அதன் மூடியான கேப்பில் ஒவ்வொரு ஒயராகப் பின்தொடர்ந்து பாருங்கள். 1-3-4-2 வரிசையில் 3, 4 சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அடுத்தடுத்து வெடிக்கவும் செய்கின்றன. அந்த இரண்டு ஒயர்களையும் ஒன்றாகக் கட்டி வைத்தால் 3-இன் மின்சாரம் 4-இலும் தூண்டப்பட்டு, அங்கே நேரத்துக்கு முன்பே ஸ்பார்க் விழலாம். அதற்காகத்தான் ஒயர்களைப் பிரித்துப் பிடிக்கும் கிளிப் கொடுத்திருக்கிறார்கள். உடைந்த கிளிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு டேப் சுற்றி வைத்திருப்பது பழைய வண்டிகளில் நிறைய.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் கேப். கழற்றி, நல்ல வெளிச்சத்தில் உட்புறம் பாருங்கள். இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிழித்தது போல் மெல்லிய கருங்கோடு இருந்தால் ஸ்பார்க் அதன் வழியே தவறான சிலிண்டருக்குத் தாவுகிறது. துடைத்தாலும் அது திரும்ப வரும். கேப்பும் ரோட்டரும் சேர்த்தே மாற்றுங்கள். மழைக்காலத்தில் மட்டும் வெடிக்கிறது என்றால் இந்தக் கேப்பிலோ ஒயரிலோதான் விடை இருக்கிறது. இரவில் விளக்கெல்லாம் அணைத்து, இன்ஜின் ஓடும்போது ஒயர்கள் மேல் பூத்தூவலாகத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். கையை தூரத்தில் வையுங்கள்.

ஒயரை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். கார்பன் கோர் ஒயருக்கு நீளத்தைப் பொறுத்து சில கிலோ ஓம் முதல் 20 கிலோ ஓம் வரை காட்டும். எல்லா ஒயர்களும் அவற்றின் நீளத்துக்கு ஏற்ற அளவில் இருக்க ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றாலோ, 30 கிலோ ஓமைத் தாண்டினாலோ, வளைக்கும்போது எண் தாவினாலோ முழு செட்டையும் மாற்றுங்கள்.

பிளக்குகளைக் கழற்றும்போது சிலிண்டர் வரிசைப்படி ஒரு அட்டையில் செருகி வையுங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளை வெளேரென்று இருந்தால் குறைவு, ஈரமாகப் பெட்ரோல் வாசனை வந்தால் அந்தச் சிலிண்டர் எரியவே இல்லை. குறுக்கு வாட்டில் வி6 இன்ஜின் வைத்த வேன்களில் பின்வரிசை மூன்று பிளக்குகள் ஃபயர்வாலை ஒட்டி, கை நுழையாத இடத்தில் இருக்கும். 'எல்லா பிளக்கும் மாற்றியாச்சு' என்று சொல்லப்பட்ட வண்டியிலும் அந்த மூன்றும் பழையதாகவே இருப்பது சகஜம். கண்ணால் பார்த்த பிறகே நம்புங்கள்.

பிளக் முனை இடைவெளி கான்டாக்ட் பாயிண்ட் வண்டிகளில் 0.7 முதல் 0.8 மி.மீ., எலக்ட்ரானிக் இக்னிஷனில் பெரும்பாலும் 1.0 முதல் 1.1 மி.மீ. மேனுவல் வேறு சொன்னால் மேனுவலே சரி. வாஷர் உள்ள புதிய பிளக்கை விரலால் முழுக்க இறுக்கி, பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று. கூம்பு வடிவ அடிப்பாகம் கொண்ட பிளக்குக்கு 16-இல் ஒரு சுற்றே போதும். அலுமினிய ஹெட்டில் இதற்கு மேல் போனால் மரை போய்விடும்.

பாயிண்ட் வண்டியில் பாயிண்ட்டின் இடைவெளி பொதுவாக 0.4 முதல் 0.5 மி.மீ. பாயிண்ட் முகம் நீலமாகக் கருகியோ, ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு என்றோ இருந்தால் கண்டன்சரையும் மாற்றுங்கள். கெட்ட கண்டன்சரை விட்டுவிட்டுப் பாயிண்ட் மட்டும் மாற்றினால் புதியதும் கருகிப்போகும்.

ஸ்பார்க் பலத்தை ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். ஓடும் இன்ஜினில் ஒயரை உருவித் தொங்கவிடும் பழக்கம் வேண்டாம். இக்னிஷன் மாட்யூலும் காயிலும் கெடும், எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போகும். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரிய வேண்டுமானால் இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது இன்ஜின் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர்.

திருட்டுக் காற்று

அளந்து விடும் வழி தவிர வேறு வழியாக இன்ஜினுக்குள் காற்று புகுந்தால் கலவை மெலியும். மெலிந்த கலவை மெதுவாக எரியும். அடுத்த முறை இன்டேக் வால்வு திறக்கும்போதும் சிலிண்டருக்குள் நெருப்பு அணைந்திருக்காது. தும்மலின் காரணம் இதுதான். சீட்டுக்கு அடியில் வெந்துகொண்டே இருக்கும் இன்ஜினில் ரப்பர் ஹோஸ்கள் சீக்கிரம் விறைத்து வெடிக்கும் என்பதால் வேன்களில் இதை நிதானமாகத் தேட வேண்டும்.

ஒவ்வொரு வேக்யூம் ஹோஸையும் தொட்டு, வளைத்து, அடிப்பக்கம் வரை தடவிப் பாருங்கள். முனையில் தளர்ந்திருந்தால், நீளம் அனுமதித்தால், ஒரு சென்டிமீட்டர் வெட்டித் திரும்பச் செருகலாம். ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள மடிப்புக் குழாயைக் கழற்றி, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். விரிசல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். இன்ஜின் மவுண்ட் தளர்ந்த வண்டியில் கியர் போட்டதும் இன்ஜின் சாய்ந்து அந்த விரிசல் வாய் திறக்கும். நின்றபடி நன்றாக ஓடும் வண்டி கியரில் தும்முவதற்கு இது ஒரு காரணம்.

பிரேக் பூஸ்டர் ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் ஒரு கணம் நெரியுங்கள். ஐடிலிங் சட்டென்று மாறினால் பூஸ்டர் பக்கம் கசிவு. அது பிரேக் சம்பந்தப்பட்டது, தள்ளிப் போடக் கூடாது. கிராங்க் பெட்டியின் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் 'கலகல' என்று கேட்க வேண்டும். அது செருகியிருக்கும் ரப்பர் வளையமும் வெடித்திருக்கலாம்.

மேனிஃபோல்டு கேஸ்கெட்டைச் சோதிக்கப் பலர் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்திலேயே இருக்கும்போது இது தீ மூட்டும் வேலை. ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீரை எடுத்து, இன்டேக் மூட்டுகளில் மட்டும் மெல்லத் தூவுங்கள். கசிவு இருக்கும் இடத்தில் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும், ஐடிலிங் சத்தம் மாறும்.

பெட்ரோல்

பல மாதம் நின்ற வண்டி என்றால் பழைய பெட்ரோலை எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். ஃபில்டரை மாற்றுங்கள்.

கார்புரேட்டர் வண்டியில், இன்ஜின் ஓடாதபோது ஏர் ஃபில்டரைக் கழற்றி ஆக்சிலேட்டர் கம்பியைச் சட்டென்று இழுங்கள். உள்ளே பெட்ரோல் ஒரு கோடாகப் பீய்ச்ச வேண்டும். தாமதமாகவோ சொட்டு சொட்டாகவோ வந்தால் ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம் போய்விட்டது. மிதித்ததும் தும்முவது இதோடு நிற்கும். ஃப்ளோட் மட்டம் தாழ்ந்திருந்தாலும், மெயின் ஜெட்டில் தூசி அடைத்தாலும் மேட்டில் தும்மும். ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். சோக் முழுக்கத் திறக்காவிட்டால் நேர் எதிர்: பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகையோடு சைலன்சரில் வெடிக்கும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் கேஜ் மாட்டி அழுத்தம் பாருங்கள். த்ராட்டில் பாடியில் ஒற்றை இன்ஜெக்டர் உள்ளவற்றில் பெரும்பாலும் 10 முதல் 15 பிஎஸ்ஐ, சிலிண்டருக்கு ஒன்று உள்ளவற்றில் 35 முதல் 50 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். சரியான எண்ணை மேனுவலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐடிலிங்கில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். ஓயும் பம்ப் சுமை ஏறும்போதுதான் தோற்கும். இன்ஜினை நிறுத்தியதும் அழுத்தம் மளமளவென்று இறங்கினால் ஏதோ ஒரு இன்ஜெக்டர் ஒழுகலாம். அழுத்தம் சீராக்கும் ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரும் ஏமாற்றும். இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே இருப்பதாக அது சொன்னால் கணினி பெட்ரோலை அள்ளி ஊற்றும். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பமும் உள்வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்பிஜி அல்லது சிஎன்ஜி கிட் மாட்டிய வேன்: மிக்சர் வகைக் கிட்டில் மேனிஃபோல்டு முழுவதும் வாயுவும் காற்றும் கலந்து நிற்கும். ஒரு சின்னத் தும்மலே ஏர் ஃபில்டர் டப்பாவைப் பிளக்கும், ஏர் ஃப்ளோ மீட்டரை உடைக்கும். வாயுக் கலவையைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். பெட்ரோலில் சத்தமில்லாமல் ஓடும் வண்டி வாயுவில் மட்டும் வெடித்தால் பிளக்கும் ஒயரும் தேய்ந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாயுக் குழாய், ரெடியூசர் பக்கம் நீங்களே கை வைக்க வேண்டாம், பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

எக்ஸாஸ்ட் பக்கம்

காலை எடுக்கும்போது மட்டும் சைலன்சர் பொரிந்தால், காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேனிஃபோல்டு மூட்டுகளில் 'டிக் டிக்' சத்தம் கேளுங்கள். கரும்புகைக் கறை படிந்த மூட்டுதான் கசியும் மூட்டு. சில வண்டிகளில் எக்ஸாஸ்ட்டுக்குள் காற்று செலுத்தும் பம்ப் இருக்கும். காலை எடுக்கும்போது அந்தக் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு சிக்கிக்கொண்டால் ஒவ்வொரு இறக்கத்திலும் வெடிக்கும். அந்த ஹோஸைத் தற்காலிகமாகக் கழற்றி, எக்ஸாஸ்ட் பக்க முனையை அடைத்து ஓட்டிப் பாருங்கள். வெடி நின்றால் வால்வை மாற்றிவிட்டு ஹோஸைத் திரும்ப மாட்டுங்கள்.

டைமிங்

ஸ்பார்க் விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை முதல் சிலிண்டர் ஒயரில் மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி அடைத்து, மேனுவல் சொன்ன ஐடிலிங்கில் குறியைப் பாருங்கள். கணினி கட்டுப்படுத்தும் வண்டியில் டைமிங்கை அடிப்படை நிலைக்குக் கொண்டுவர ஒரு கனெக்டரைக் கழற்றவோ இணைக்கவோ வேண்டியிருக்கும். ஸ்பார்க் அளவுக்கு மீறி முன்னால் விழுந்தால் தும்மும், பின்தங்கினால் கலவை எக்ஸாஸ்ட்டில் எரிந்துகொண்டே போய் சைலன்சர் வெடிக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டிய பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தும்மிக்கொண்டே இருந்தால் அது 180 டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றும் ஒரு முழுச் சுழற்சியில் பிஸ்டன் இருமுறை மேலே வருகிறது. கம்ப்ரஷனுக்கு வருவதா என்று தெரிய, முதல் பிளக் துளையில் விரலை வைத்து கிராங்கைக் கையால் திருப்புங்கள். விரலைத் தள்ளும் முறைதான் சரியானது.

ஸ்பார்க் டைமிங்கை எப்படி வைத்தாலும் வண்டிக்கு இழுவை வரவில்லை என்றால் பெல்ட்டோ செயினோ பல் தாண்டியிருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி, கிராங்கை ஒரு பக்கம் திருப்பிவிட்டு மறுபக்கம் மெல்லத் திருப்புங்கள். ரோட்டர் அசையத் தொடங்கும் முன் கிராங்க் 10 டிகிரிக்கு மேல் சும்மா சுற்றினால் செயின் தளர்ந்துவிட்டது. பெல்ட் வண்டியில் இப்படிப் பின்னோக்கித் திருப்ப வேண்டாம், மூடியைத் திறந்து குறிகளை ஒப்பிடுங்கள்.

வால்வும் கம்ப்ரஷனும்

இதுவரை எதுவும் சிக்கவில்லை என்றால் வேக்யூம் கேஜ் மாட்டுங்கள். கடல் மட்டத்தில் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை முள் நிலையாக நிற்க வேண்டும். உயரம் 1,000 அடி ஏற ஏற ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். முள் சீரான தாளத்தில் இறங்கி ஏறினால் ஒரு வால்வு கருகியிருக்கிறது அல்லது மூடவில்லை. 2,500 ஆர்பிஎம்மில் பிடிக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எக்ஸாஸ்ட் அடைத்திருக்கிறது.

கம்ப்ரஷன் பார்க்க: இன்ஜின் சூடு, எல்லா பிளக்கும் வெளியே, ஸ்பார்க்கும் பெட்ரோலும் துண்டிப்பு, த்ராட்டில் முழுத் திறப்பு, பேட்டரி முழு சார்ஜ். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஐந்தாறு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் வரை ஸ்டார்ட்டரால் சுற்றி, வரும் எண்ணை எழுதுங்கள். பொதுவாக 120 முதல் 180 பிஎஸ்ஐ வரும். மிகக் குறைந்தது மிக அதிகத்தில் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது. ஒரு சிலிண்டர் 160 என்றால் எதுவும் 120-க்குக் குறையக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

வால்வு என்று முடிவு செய்து ஹெட்டை இறக்கும் முன் டேப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜில் அளந்துவிடுங்கள். இடைவெளி இறுகிப்போனால் வால்வு முழுசாக உட்காராது, கருகிய வால்வு போலவே தும்மும். ஆரம்பத்திலேயே கவனித்தால் அரை நாள் வேலையில் முடியும். அப்படியே ஓட்டினால் வால்வு உண்மையாகவே கருகிவிடும்.

வெடி நின்ற பிறகு

தும்மிய வண்டியில் ஏர் ஃபில்டர் தாள் கருகியிருக்கிறதா, டப்பாவில் விரிசல் உண்டா, வேக்யூம் ஹோஸ் எதுவும் தெறித்துக் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். சைலன்சர் வெடித்த வண்டியில் அதன் தையல் ஓரம் பிளந்திருக்கும். ஆறிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கற்கள் உருள்வது போல் கேட்டால் அது உடைந்துவிட்டது. கடைசியாக ஆயில் கம்பியை இழுத்து மோந்து பாருங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலந்திருக்கலாம். பெட்ரோல் வாசனை வந்தாலோ, ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, நீண்ட பயணம் போகும் முன் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள்.